உள்ளே விட்ட ஒன்றரை அங்குலம்

எழுபதுகள்தான் மோசம் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சிராங்கூன் சாலை மண்டபத்தில் கூடியிருந்த நம் சங்கத்தார் அத்தனை பேரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. மேடையில் எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம், அதில் பாதி மைக்கைச் சரிசெய்வதில் போய்விட்டது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மதுரைக்காரர்கள் நாலு பேர் எங்கே சேர்ந்தாலும் பட்டிமன்றம் வந்துவிடும். சிங்கப்பூருக்கு வந்து என்ன, அது விடாது. இந்த வருடத் தலைப்பு, உடையிலும் தலைமுடியிலும் நம்மை அதிகம் கெடுத்த பத்தாண்டு எது என்பது. எழுபது, எண்பது, தொண்ணூறு, இரண்டாயிரம் என்று நாலு அணி. எழுபதுகளைத் தாக்கியவர்களுக்கு வேலை சுலபம். ஒரு பழைய வகுப்புப் படத்தைத் திரையில் போட்டார்கள். பெல்பாட்டம், நாய்க்காது காலர், காதை மூடிய முடி, கன்னம் வரை இறங்கிய கிருதா, உள்ளங்கை அகலத்துக்கு பெல்ட். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு வழக்கு முடிந்தது.

நான் தையல்காரர் மகன். துணியை வெளிப்பக்கம் மட்டும் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

அத்தா புதுமண்டபத்தில் தைத்தார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். நம் காலத்தில் அது முழுக்கக் கடைதான். தூணுக்குத் தூண் சிலை, சிலையின் காலடியில் தையல் மெஷின், பக்கத்தில் பாத்திரக் கடை, வளையல் கடை, பள்ளிக்கூடப் புத்தகக் கடை. அத்தாவின் மெஷினுக்குப் பின்னால் ஒரு யாளி நின்றது. அதன் பல்லில்தான் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டிருப்பார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கல்லின் குளிர்ச்சி இருக்கும். நாலைந்து மெஷின் ஒரே நேரத்தில் ஓடினால் மண்டபமே கடகடவென்று பேசும்.

பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போவேன். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஹெம்மிங், தப்பாகப் போன தையலைப் பிரிப்பது என்று எல்லாம் என் வேலை. பிரிப்பதைத்தான் அத்தா முதலில் சொல்லிக்கொடுத்தார். துணியை இழுக்காமல், நூலை மட்டும் பார்த்துப் பிளேடு வைக்க வேண்டும். சித்திரை நெருங்கிவிட்டால் பேன்ட், சட்டை ஆர்டர் எதுவும் எடுக்கமாட்டார். அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான உடுப்பு, அந்த மாதம் முழுக்க அதுதான் வேலை. எங்கள் வீட்டுத் தொழுகைப் பாயில்கூட அந்த ஜரிகைத் துணுக்கு ஒட்டிக்கிடக்கும். அந்த உடுப்புக்கு நான் பார்த்த முப்பது வருடத்தில் வெட்டு மாறவே இல்லை.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது. நம் வகுப்புதான் அதன் முதல் செட். பத்தாவது வரை காக்கி டவுசர் போட்டுத் திரிந்தவர்கள், மேல்நிலைக்கு வந்ததும் முழுக்கால் பேன்ட்டுக்கு மாறினோம். பேன்ட் என்றால் அப்போது பெல்ஸ்தான். ஊருக்கெல்லாம் அது ஓய்கிற நேரம், எங்களுக்கு அதுதான் ஆரம்பம்.

பெல்பாட்டத்தைப் படத்தில் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அதைத் தைத்துப் பார்க்க வேண்டும். தொடையில் பிடித்து, முழங்காலில் பதினெட்டு அங்குலத்துக்குக் கவ்வி, அங்கிருந்து பாட்டத்தில், அதாவது அடிச் சுற்றளவில், இருபத்தாறு, இருபத்தெட்டு என்று விரிய வேண்டும். அந்த விரிவு முழங்காலில் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் முழு வேலையும். அரை அங்குலம் மேலே போனால் பாவாடை மாதிரி ஆகிவிடும், கீழே போனால் கொலுசு மாட்டிய மாதிரி தெரியும். ஆளின் உயரம், நடை, செருப்பா ஹீல்ஸ் ஷூவா, எல்லாம் கேட்டுத்தான் அத்தா கோடு போடுவார். அடி ஓரம் தரையில் தேய்ந்து நைந்துபோகும் என்பதால் பித்தளை ஜிப் ஒன்றை இரண்டாகப் பிரித்து, காலுக்கு ஒரு பக்கமாக மடிப்பின் ஓரத்தில் வைத்துத் தைப்போம். நாலு பேர் அப்படிப் போட்டுக்கொண்டு தெற்கு மாசி வீதியில் நடந்தால் ஜிப் பல் தரையில் உரசுகிற சத்தம் முன்னாலேயே வந்துவிடும்.

நம் வகுப்பில் 'பெல்ஸ்' என்று எல்லோரும் கூப்பிடுகிற நண்பனை இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு பேன்ட் பிட் கொண்டுவந்திருந்தார். தேன் நிறம், கையில் வழுக்கும். 'பாட்டம் இருபத்தெட்டு வேணும் மாமா' என்று அத்தாவிடம் பிடிவாதம் பிடித்தான். அத்தா தைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை போட்டு வந்தான். டிரில் மாஸ்டர் இறைவணக்கம் முடிந்ததும் அவனை முன்னால் நிறுத்தி, கால்ச்சட்டையின் அடியில் மர ஸ்கேலை வைத்து அளந்தார். ஒரு அடி ஸ்கேல் போதவில்லை. மிச்சம் இரண்டு அங்குலத்தைக் கைவிரலால் அளந்து காட்டினார். 'நாளைக்கு வெட்டிட்டு வா. இல்லேன்னா நானே வெட்டுவேன்' என்றார். அறுநூறு பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அழவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் புதுமண்டபத்துக்குப் போனோம். 'வெட்டிருங்க மாமா' என்று பேன்ட்டை மெஷின் மேல் வைத்தான். அத்தா அதை எடுத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். 'துணியை வெட்ட ஒரு நிமிஷம் போதும்ப்பா. வெட்டினது ஒட்டாது' என்றார். முழங்காலுக்குக் கீழே விரிந்திருந்த துணியை இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, வெள்ளை நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகக் கையாலேயே போட்டார். ஈரத்துணி விரித்துக் கரிப்பெட்டியால் அழுத்தினார். பாட்டம் பதினெட்டு. வெளியே எந்தத் தடயமும் இல்லை. நூலின் நுனியை முடிச்சுப் போடாமல் உள்ளே விட்டுவைத்தார். 'சனிக்கிழமை இதைப் பிடிச்சு உருவு. ஞாயித்துக்கிழமை ராத்திரி கொண்டுவா, திரும்பப் போட்டுத் தாரேன்.'

பிளஸ் டூ முடிகிற வரை அப்படித்தான் நடந்தது. வாரம் ஐந்து நாள் பதினெட்டு, இரண்டு நாள் இருபத்தெட்டு. சனிக்கிழமை தங்கம் தியேட்டர் வாசலில் நின்று அவன் நூலை உருவுவான், துணி சரசரவென்று விழும். அத்தா அதற்குக் காசு வாங்கவே இல்லை. அளந்தவர் மேல் அன்றைக்கு இருந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார், சரி. ஆனால் சபை நடுவே ஸ்கேல் வைத்திருக்க வேண்டாம்.

எண்பதுகளைப் பற்றி மேடையில் நான் கடுமையாகப் பேசிவிட்டேன். பாலியெஸ்டர் மேல் எனக்குள்ள கோபம் அது. வியர்வையை உறிஞ்சாத துணியில் சஃபாரி தைத்துப் போட்டுக்கொண்டு கத்திரி வெயிலில் டவுன்ஹால் ரோட்டில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். கரிப்பெட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து விழுந்தால் சட்டையில் மிளகளவு ஓட்டை, அதன் ஓரம் கறுப்பாக உருகி நிற்கும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அம்மாவை நினைத்தேன். ஏழு பேர் துணியைத் துவைத்தவர். பருத்தி வேட்டியைப் பிழிந்து கை வீங்கிய காலத்தில், அரை மணியில் உலர்ந்து, இஸ்திரி கேட்காமல், ஐந்து வருடம் கிழியாமல் உழைத்த துணி அது. அண்ணன் சட்டை தம்பிக்கு வந்து, அப்புறம் எனக்கும் வந்தது. ஆகவே அந்த வார்த்தைகளைத் திரும்பப் பெறுகிறேன். 1985-க்குப் பிறகு விளக்குத்தூண் பிளாட்பாரத்தை நிறைத்த நதியா கம்மல், நதியா வளையலைக் குறை சொன்னவர்களோடும் நான் சேரமாட்டேன். இரண்டு ரூபாயில் ஒரு பெண்பிள்ளைக்குச் சந்தோஷம் கிடைத்ததென்றால் அதில் என்ன கெட்டுப்போனது?

தொண்ணூறுகளுக்காக எழுந்தவர் நம் நண்பர் ஒருவரின் துணைவியார். அன்றைக்குப் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அவருடையது. 'அண்ணே, நீங்க எல்லாரும் பேன்ட் பாட்டத்தையே அளந்துகிட்டு இருக்கீங்க. தாவணி முந்தி சைக்கிள் செயின்ல மாட்டி நான் ஏ.வி. பாலத்துல ரெண்டு தடவை விழுந்திருக்கேன். காலேஜ் சேர்ந்த வருஷம் சுடிதார் போட்டேன். அப்புறம் விழவே இல்லை. அந்தப் பத்து வருஷத்தையா மோசம்னு சொல்றீங்க?' என்றார். இதற்கு எதிர் அணியிடம் பதில் இல்லை. கேபிள் டிவி வந்து, பிரபுதேவாவைப் பார்த்துப் பையன்கள் தொளதொள பேன்ட் கேட்ட காலமும் அதுதான். அத்தா மூன்று பிளீட் வைத்து அதையும் ரசித்துத் தைத்தார்.

ரெடிமேட் மேலும் அவருக்குப் பொறாமை கிடையாது. நம் ஊர்ப் பஞ்சாலையில் வேர்விட்ட மதுரா கோட்ஸ் நிறுவனம்தான் 1989-ல் லூயி பிலிப் சட்டையை இந்தியாவில் இறக்கியது. ஒரு பிரெஞ்சு ராஜாவின் பெயர். அத்தா தைத்த நூல்கண்டிலும் கோட்ஸ் பெயர்தான் இருக்கும். என் சம்பளத்தில் ஒரு சட்டை வாங்கிப் போய்க் காட்டினேன். காலரை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். 'அச்சுல வார்த்த மாதிரி இருக்குடா' என்று பக்கத்து மெஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல வேலையை யார் செய்தாலும் அவருக்குக் கண் மலரும்.

என் வழக்கு இரண்டாயிரங்கள் மேல்தான். லோ ஹிப் பேன்ட்டும், இடுப்புக்கு எட்டாத சட்டையும், குனிந்தால் முதுகு தெரிந்ததும் எனக்கு இரண்டாம்பட்சம். அந்தக் காலத்தில்தான் உடம்பை அளந்து துணியை வெட்டுவது போய், இருக்கிற துணிக்குள் உடம்பைத் திணிப்பது எல்லோருக்கும் வழக்கமானது. எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டியிருந்த உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1-ல் முடிவுக்கு வந்தது. திருப்பூர் வளர்ந்தது, எத்தனையோ ஆயிரம் குடும்பம் பிழைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுமண்டபத்தில் அளவெடுக்க ஆள் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் விடிய விடிய மிதித்த மெஷினில், பேன்ட் நீளம் குறைக்கிற வேலை மட்டும் வந்தது.

2007-ல் ஊருக்குப் போயிருந்தபோது, இடுப்பு இறுகிப்போன என் கடைப் பேன்ட் ஒன்றை அத்தாவிடம் கொடுத்து, கொஞ்சம் விட்டுத் தாருங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்கம் திருப்பினார். ஓரத்தில் கால் அங்குலம்தான் இருந்தது, அதையும் ஓரம் பிரியாமல் கட்டுகிற ஓவர்லாக் தையல் கடித்திருந்தது. இரண்டு பக்கமும் தடவிவிட்டு என் மடியிலேயே திரும்ப வைத்தார். 'இதுல விடுறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. போட்டவன் சாகுற வரைக்கும் அப்படியே இருப்பான்னு நெனச்சுத் தச்சிருக்காங்க.'

அவர் தைத்ததில் எப்போதும் உள்ளே ஒன்றரை அங்குலம் இருக்கும். பையன் வளருவான், கல்யாணமானால் இடுப்பு பெருக்கும், காய்ச்சலில் கிடந்தால் இளைப்பான், அண்ணனுடையது தம்பிக்குப் போகும். இதையெல்லாம் நினைத்துத் துணியை உள்ளே விட்டுத்தான் வெட்டுவார். பாட்டம் எத்தனை அங்குலம் என்பது சினிமாவைப் பார்த்து வருவது, வரும், போகும். அந்த உள்துணியை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய பத்தாண்டுதான் என் கணக்கில் மோசம். அதற்குப் பின் வந்த கால்கவ்வி ஜீன்ஸும் முழங்கால் கிழிசலும் அதன் வால்.

அத்தா மவுத்தாகிப் பல வருடமாகிவிட்டது. புதுமண்டபக் கடைகளையும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போன முறை போனபோது மண்டபம் காலியாக இருந்தது. யாளியை நன்றாகப் பார்க்க முடிந்தது. டேப் தொங்கிய பல்லில் மட்டும் கல் வழவழப்பாக இருந்தது.

பட்டிமன்றத்தன்று எழுபதுகளுக்கு எதிரான அணி சாட்சியாக மேடையில் தூக்கிக் காட்டியதே ஒரு பேன்ட், அது அந்தத் தேன் நிற பெல்ஸ்தான். நண்பன் அதை நாற்பத்தைந்து வருடம் வைத்திருந்து, சிங்கப்பூருக்கும் கொண்டுவந்திருக்கிறான். கூட்டம் முடிந்து சாப்பிடும் நேரத்தில் அதை வாங்கி உள்பக்கம் திருப்பினேன். முழங்காலுக்குக் கீழே வெள்ளை நூல் துணுக்குகள் இன்னும் இரண்டு மூன்று ஒட்டியிருந்தன. இடுப்பின் பின்தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம். நண்பனின் கடைசி மகன், பத்தொன்பது வயது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது மறுபடி இதுதான் ஓடுகிறதாம். 'அங்கிள், எனக்கு இடுப்பு இருபத்தெட்டு. இது பத்துமா?' என்று கேட்டான். அது இருபத்தாறு.

வீட்டுக்குக் கொண்டுவந்து பின்தையலைப் பிளேடு வைத்துப் பிரித்தேன். வெளியே துணி வெளுத்திருந்தது. உள்ளே மடிந்து கிடந்த பகுதி மட்டும் தேன் நிறம் மாறாமல் இருந்தது. பக்கத்துக்கு ஒரு அங்குலம் எடுத்தேன், அரை அங்குலத்தை உள்ளேயே விட்டிருக்கிறேன். நிறத்துக்குச் சரியான நூல் தேக்கா கடையில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.