பொம்மை தூக்கும் பெட்டி: பிடி ஏன் தளருகிறது?

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையிலோ மாமாங்கத் திருவிழாக் கடை வரிசையிலோ பொம்மை தூக்கும் பெட்டி வைக்க நினைக்கிற ஆக்கள் முதலில் விலையைத்தான் விசாரிப்பார்கள். அதற்கு முன் பார்க்கவேண்டியது, காசு போட்டால் நூலில் இறங்கிப் பொம்மையைப் பிடிக்கிற நகத்துக்கு மேலே இருக்கிற கொயில் (கம்பிச் சுருள்).

கொயிலுக்குக் கரன்ட் போனால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு இழுபட்டு மூன்று நகமும் மூடும், நின்றால் விரியும். எவ்வளவு இறுக்கம் என்பது வோல்ற்றைப் பொறுத்தது. பெட்டியை இயக்கும் மின்சுற்றுப் பலகைகள் (போட்) பெரும்பாலானவற்றில் இதற்கு இரண்டு அளவு வைக்கலாம்: பிடிக்கும்போது கூடுதலாக, தூக்கிய பின் குறைவாக. பொம்மை பாதி வழியில் நழுவுவது அதனால்தான், ஆடுகிற பிள்ளையின் கைப்பிசகால் அல்ல. இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை கடைசிவரை முழுப் பிடி என்ற கணக்கும் அதே மெனுவில் இருக்கும். பொம்மை 400 ரூபா, ஆட்டம் 100 ரூபா, வருமானத்தில் 40 சதவீதம் பொம்மைக்கு என்றால் 10 ஆட்டத்துக்கு ஒன்று விழவேண்டும். அதை 30 ஆக்கினால் வந்த பிள்ளை மறுபடி வராது.

நம் பக்கத்து வெயிலில் இந்தக் கணக்கு தானாகவே பிசகும். கொயில் செம்புக் கம்பி. வெப்பம் 50 பாகை ஏறினால் அதன் தடை ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். கரன்ட் ஆறில் ஒரு பங்கு குறையும். இழுவிசை அதைவிடக் கூடுதலாக விழும். காலையில் குளிர்ந்த கொயிலில் அளவு வைத்தால், பின்னேரம் சனம் கூடும்போது முழுப் பிடியிலும் பொம்மை எழும்பாது. அரை மணித்தியாலம் விடாமல் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அளவு வையுங்கள். காலையில் இரண்டு பொம்மை கூடப் போனால் போகட்டும், பார்க்கிறவர்களுக்கு அதுதான் விளம்பரம்.

அடுத்த தொல்லை உப்புக்காற்று. அம்பாறை நகரம் போல உள்ளே தள்ளிய இடங்களில் இது குறைவு. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் கரையோரத்தில் எல்லைக்கு வந்ததும் மோட்டரை நிறுத்துகிற லிமிட் சுவிச்சுகளின் கால்கள்தான் முதலில் பச்சை பூக்கும். நூல் தளர்ந்ததும் மோட்டரை நிறுத்துகிற சுவிச் வேலை செய்யாவிட்டால், நூல் முழுதும் அவிழ்ந்து உருளையில் மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்போது இறங்கவேண்டிய நகம் ஏறும். பலர் மோட்டர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். முதலில் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவிச்சை விரலால் அழுத்தி மீற்றரில் தொடர்பு வருகிறதா என்று பாருங்கள். சுவிச்சின் விலை மோட்டரின் விலையோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை.

கொயிலை மாற்றினால் அதன் இரு முனைக்கும் குறுக்கே இருக்கும், கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட்டையும் சோதியுங்கள். அது போனால், கரன்ட் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கொயில் திருப்பியடிக்கிற வோல்ற் போட்டில் உள்ள டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். புதுக் கொயில் 24 வோல்ற்றா 48 வோல்ற்றா என்றும் பார்த்து வாங்குங்கள். உருவத்தில் வித்தியாசம் தெரியாது. திருவிழாவில் ஜெனரேற்றர் என்றால் அது 230 வோல்ற்றில் நிலைத்த பின்தான் பெட்டியைக் கொழுவவேண்டும்.

பொம்மைகளை அமுக்கி அடுக்காதீர்கள். நகம் கழுத்துக்குக் கீழே இறங்க இடம் வேண்டும். ஈரம் குடித்த பஞ்சு பாரம் கூடும், ஆகவே மாரியில் அளவைத் திரும்பப் பார்க்கவேண்டிவரும்.

காசுத் துவாரத்துக்கு டோக்கன்தான் நல்லது. 5 ரூபாய்க் குற்றியே பித்தளை நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் புழங்குகிறது. மாதிரிக் காசை வைத்து ஒப்பிடும் பொறி ஒன்றை ஏற்று மற்றதைத் துப்பிவிடும்.