பிளாஸ்மா கிடைச்சிருந்தா?

"பிளாஸ்மா மட்டும் கிடைச்சிருந்தா மாமா பிழைச்சிருப்பாரு"ன்னு பாம்பன்ல என் மச்சான் இன்னமும் புலம்புறான். 2021 மே மாசம், கொரோனா வந்து குணமானவங்க ரத்தத்துல இருந்து எடுக்குற பிளாஸ்மாவுக்காக, அவங்களைத் தேடி ராமநாதபுரம், மதுரைன்னு போன் போட்டே ஓய்ஞ்சவன் அவன்.

டேய் மச்சான், கிடைச்சிருந்தாலும் பெருசா மாறியிருக்காதுடா. 39 ஆஸ்பத்திரியில 464 நோயாளிகளை வச்சு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆரே நடத்துன பிளாசிட் ஆய்வு, பிளாஸ்மாவால சாவு குறையலன்னு 2020லயே சொல்லிருச்சு. சிகிச்சை வழிகாட்டியில இருந்து அதைத் தூக்குனது 2021 மேயில! அதுவரைக்கும் சனம் அலைஞ்ச அலைச்சலுக்கு யாரு கணக்குச் சொல்றது?

கொரோனாவுக்குக் கொடுத்துப் பாத்த மலேரியா மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதை இதைவிட மோசம். பிரான்ஸ்ல 36 பேரை வச்சு ஒரு ஆய்வு. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லைன்னு குலுக்கிப் போட்டுக்கூடப் பிரிக்கல. அதைப் பாத்துட்டு உலகம் பூரா ஆளாளுக்கு அதே மாத்திரையைச் சின்னச் சின்னதா சோதிச்சாங்க; பலதும் எதையும் நிரூபிக்க முடியாத அளவுக்குச் சிறுசு. பாக் நீரிணையில மீன் பிடிக்க விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள்னு நமக்கே ஒரு முறை இருக்கு, படிச்சவங்களுக்கு இல்லாமப் போச்சு. அந்த பிரான்ஸ் ஆய்வுக் கட்டுரையை வாபஸ் வாங்குனது 2024 டிசம்பர்ல.

பிரிட்டன்ல ரெக்கவரின்னு ஒரே பெரிய ஆய்வு. பல ஆஸ்பத்திரி, ஒரே விதி. 2020 மார்ச்ல ஆரம்பிச்சு ஜூன்லயே பதில்: மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டர்ல இருக்கவங்க சாவை மூணுல ஒரு பங்கு குறைக்குது. ஹைட்ராக்சியும் பிளாஸ்மாவும் உதவலைன்னு சொன்னதும் அதே ஆய்வுதான்.

ராமநாதபுரத்துக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. அடுத்த தடவை நம்ம ஆஸ்பத்திரியும் அப்படி ஒரு பெரிய ஆய்வுல சேருமா? டாக்டர் நண்பர்கள் யாராச்சும் சொல்லுங்க.