ஃபானியல் ஹாலில் பாதியில் நின்ற நாடகம்

பாஸ்டனில் ஃபானியல் ஹாலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே நடந்த பொதுக்கூட்டங்களைப் பற்றித்தான் சொல்லுவார்கள். பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து அமெரிக்க விடுதலைத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் பேசிய கூடம் அது. வாசலுக்கு வெளியே அவருக்குச் சிலையும் இருக்கிறது. நான் தேடிப் போனது வேறு ஒன்றை. அதே கூடத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் வேஷம் கட்டி நாடகம் போட்டிருக்கிறார்கள்.

கீழே கடைகள், மேலே கூடம். 1742-ல் பீட்டர் ஃபானியல் என்ற வணிகர் ஊருக்குக் கட்டிக் கொடுத்தது. அவருடைய செல்வத்தில் அடிமை வியாபாரத்துப் பணமும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படியேறி உள்ளே போனால் மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பெரிய ஓவியம், எதிரே வரிசையாக நாற்காலிகள். இன்று நாம் பார்க்கும் அகலம் 1806-ல் வந்தது. நாடகம் நடந்த காலத்தில் கூடம் இதில் பாதிதான். முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பாதி அகலத்தைக் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். அதற்குள் மேடை, வாத்தியக்காரர்கள், சீருடையோடு நெருக்கியடித்துக்கொண்டு பார்வையாளர்கள்!

1775 ஏப்ரலில் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும், பிரிட்டிஷ் படை இருந்த பாஸ்டனை அமெரிக்கக் குடியேற்றங்களின் படைகள் தரைப்பக்கம் வளைத்துக்கொண்டன. கடல் வழி மட்டும்தான் திறந்திருந்தது. ஜூன் மாதம் பங்கர் ஹில் சண்டையில் பிரிட்டிஷார் ஜெயித்தார்கள், ஆனால் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல். அப்புறம் குளிர்காலம் வந்தது. விறகு இல்லாமல் வீடுகளை இடித்து எரித்தார்கள். ஊருக்குள் பெரியம்மை வேறு. அப்படி அடைபட்டுக் கிடந்த படையில்தான் ஜெனரல் பர்கோய்ன் நாடகத்தைக் கொண்டுவந்தார். அவர் தளபதி மட்டுமல்ல, நாடக ஆசிரியரும்கூட.

மாசசூசெட்ஸில் 1750 முதல் நாடகத்துக்குச் சட்டப்படி தடை. கூத்துப் பார்ப்பது பாவம் என்று நினைத்த ஊர் அது. அந்த ஊர் மக்கள் கூடிப் பேசிய கூடத்தையே கொட்டகையாக்கினார்கள். பக்கத்தில் ஓல்ட் சவுத் தேவாலயத்தின் பெஞ்சுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குதிரைப் பயிற்சிக் களமாக மாற்றியதும் இதே படைதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாடகத்தில் பொழுதுபோக்கோடு ஊரைச் சீண்டும் எண்ணமும் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. அதே சமயம், வசூல் சிப்பாய்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் குளிரில், அத்தனை சாவுக்கு நடுவில், வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்த இளைஞர்களை வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

முதலில் போட்டவற்றில் ஒன்று 'ஜாரா' என்ற சோக நாடகம். பர்கோய்ன் எழுதிய முன்னுரையை மேடையில் பேசியவர் ராடன் பிரபு என்ற இளம் அதிகாரி. பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயரில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1813 முதல் 1823 வரை இருந்தவர் இவர்தான். இதைப் படித்த நாளிலிருந்தே இந்த மேடையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

1776 ஜனவரி 8 இரவு. முதல் நாடகம் முடிந்துவிட்டது. அடுத்தது பர்கோய்ன் எழுதிய கேலி நாடகம், 'பாஸ்டன் முற்றுகை'. பெரிய பொய்முடி, துருப்பிடித்த வாளோடு, முற்றுகையிட்ட படைகளின் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனாக ஒருவர் வேஷம் கட்டியிருந்தார். அதே நேரம் ஆற்றுக்கு அக்கரையில் சார்ல்ஸ்டவுனில், மேஜர் நோல்டன் தலைமையில் வாஷிங்டனின் நிஜமான ஆட்கள் இறங்கி, மிச்சமிருந்த வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். கூடத்துக்குள் ஒரு சார்ஜென்ட் ஓடி வந்து எதிரி தாக்குகிறான் என்று கத்தினார். நம்மூர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் நுழைந்ததைப் போலச் சனங்கள் அவரை ரசித்துக் கைதட்டினார்கள்! அவரவர் காவலிடத்துக்குப் போகும்படி உத்தரவு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாத்தியங்களை மிதித்துத் தாண்டி ஓடியவர்கள், முகச்சாயத்தைக் கழுவத் தண்ணீர் கேட்டு அலறிய நடிகர்கள், மயங்கி விழுந்த பெண்கள் என்று அன்றைய களேபரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பர்கோய்ன் இதைப் பார்க்கவில்லை. டிசம்பரிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அந்த நாடகத்தின் பிரதியும் இன்று கிடைப்பதில்லை, குறுக்கே வந்த செய்தியால்தான் அதன் பெயரே மிஞ்சியிருக்கிறது.

கூடத்திலிருந்து இறங்கி, நடைபாதையில் பதித்த சிவப்புக் கோட்டின் வழியே காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன். பாஸ்டன் போகிறவர்கள் இந்த நடையைத் தவறவிடாதீர்கள், வழியெல்லாம் பழைய செங்கல் வீடுகள். மேட்டில் நின்றால் தண்ணீருக்கு அந்தப்பக்கம் சார்ல்ஸ்டவுன், பங்கர் ஹில் தூண். இவ்வளவு பக்கமா என்று திகைத்துப் போனேன். அன்று வீடுகள் எரிந்த வெளிச்சம் இந்தக் கரையில் கட்டாயம் தெரிந்திருக்கும்.

மார்ச் 17-ல் பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தார்கள். ஆனால் நாடகத்தை விடவில்லை. நியூயார்க்கைப் பிடித்ததும் 1777 ஜனவரியில் ஜான் தெருக் கொட்டகையைத் திறந்து மறுபடியும் அதிகாரிகளே நடித்தார்கள். அந்தக் கொட்டகை இப்போது இல்லை, தெரு மட்டும் அதே பெயரில் இருக்கிறது. அடுத்து அங்கேதான் போவதாக இருக்கிறேன்.