புது விளக்குக்குப் பவளங்களைப் பழக்கிய இரண்டு மாதம்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கல் போன்ற கூடு கட்டும் கடும்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால் அவற்றை வளர்ப்பதில்லை. என்னிடம் இருப்பவை காளான் பவளம், தோல் பவளம், சிறு மொட்டுகள் பூப்போல் விரியும் ஸோயாந்தஸ் ஆகிய மென்மையான வகைகள் மட்டுமே.

மாசி மாதம் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தி, அதன் நீல ஒளியை 70 சதவீதத்திலும் வெள்ளை ஒளியை 40 சதவீதத்திலும் வைத்தேன். கூடத்தில் அமர்ந்து பார்த்தபோது முன்பைவிட மங்கலாகவே தோன்றியது. ஐந்தாம் நாள் ஸோயாந்தஸ் மொட்டுகள் மூடியே கிடந்தன. உள்ளங்கை அகலம் விரியும் காளான் பவளம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கி, ஓரங்களில் பழுப்பு நிறம் போய்க் கண்ணாடி போல் வெளிறியிருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி நீலத்தை மேலும் கூட்டினேன். இன்றும் என்னை வருத்தும் தவறு அது.

உப்பளவு, அம்மோனியா, நைட்ரேட் மூன்றையும் சோதித்ததில் குறை எதுவும் தெரியவில்லை. தஞ்சாவூர் நண்பர் ஒருவர் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் தம் பார் (PAR) மீட்டரைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் இறக்கியபோதுதான் காரணம் விளங்கியது: 80ஐத் தாண்டத் தேவையில்லாத காளான் பவளத்தின் பாறையில் 210 காட்டியது. நம் கண்ணுக்குப் பச்சை ஒளியே மிகுதியாகத் தெரியும், நீலம் மங்கலாகத்தான் படும். பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசியோ அந்த நீலத்தையே அதிகம் உறிஞ்சுகிறது. ஒளி அளவை மீறும்போது பாசியிடம் உண்டாகும் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்களைத் தாங்க இயலாமல் பவளம் அந்தப் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. வெளிறுவது அதனால்தான்.

இதைக் கேட்ட அப்பா, "நட்ட நாத்து பச்சை பிடிக்கிற வரைக்கும் விட்டுப் பிடிக்கணும்ப்பா" என்றார். அவர் சொன்னதே என் முறையாயிற்று. விளக்கை 10 சென்டிமீட்டர் உயர்த்தி, நீலத்தை 15 சதவீதத்துக்கும் வெள்ளையை 5 சதவீதத்துக்கும் இறக்கி, எரியும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். பிறகு வாரம் ஒரு முறை, நீலத்தை மட்டும் 5 சதவீதம் ஏற்றினேன். ஏற்றிய மறுநாள் மொட்டுகள் மூடினால் அடுத்த வாரம் ஏற்றாமல் அப்படியே விட்டேன். பாறைகளை இடம் மாற்றவே இல்லை, ஏனெனில் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்று அறிய முடியாது.

நான்காம் வாரம் மின்வெட்டு ஒன்றில் டைமரின் கடிகாரம் பிசகி, நள்ளிரவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றே டைமரை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினேன். சித்திரை வெயிலில் தண்ணீர் 29 டிகிரியை எட்டிய வாரம் ஒளியைத் தொடவில்லை, ஏனெனில் வெப்பமும் ஒளியும் சேர்ந்தால் வெளிறுவது விரைவாகும். தண்ணீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி ஒன்றை வைத்ததில் இரண்டு டிகிரி குறைந்தது.

ஏழாம் வாரம் தோல் பவளம் மெழுகு போன்ற மெல்லிய சவ்வை உரித்துப் போட்டது. அடுத்த மாலையே அதன் மேற்பரப்பு முழுவதும் நெற்பூ போல் நுண்ணிய மொட்டுகள் விரிந்தன. இப்போது நீலம் 40 சதவீதத்திலும், வெள்ளை அதே 5 சதவீதத்திலும், எட்டு மணி நேரம் எரிகின்றன. காளான் பவளத்தின் பாறையில் அளவு 70 காட்டுகிறது. அதன் ஒரு ஓரம் மட்டும் இன்னும் வெளிறியே இருப்பதால், மேற்கொண்டு ஏற்றாமல் காத்திருக்கிறேன்.