குணம் மாறியதாகச் சொல்லி அழைத்து வரப்படும் விலங்குகள்

கால்நடை மருத்துவர் என்ற முறையில், காய்ச்சல், வாந்தி என்று வருபவர்களைவிட, "இது முன்ன மாதிரி இல்ல டாக்டர்" என்று சொல்லி வருபவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேசுகிறேன். நாய்க்குக் கோபம் கூடிவிட்டது, பூனை வேண்டுமென்றே படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது, வயதான நாய் அடம்பிடிக்கிறது என்று அவர்கள் அதை ஒரு குணக்கேடாகவே விவரிப்பார்கள். பழக்கம் மாறிய விலங்கிடம் முதலில் தேட வேண்டியது உடல் உபாதையை, அதிலும் குறிப்பாக வலியை என்பது இத்தனை ஆண்டுப் பணியில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய், பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஏதேனும் ஒரு வலி பின்னணியில் இருக்கிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. அதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான்.

சிக்கல் என்னவென்றால், சிகிச்சை மேசையில் நான் பார்க்கும் விலங்கு வீட்டில் இருக்கும் விலங்கு அல்ல. வீட்டில் நொண்டும் நாய், பழகாத இடத்தின் பரபரப்பில் என் முன்னால் நேராக நடந்து காட்டும். பூனையோ பயத்தில் அசையாமல் படுத்துவிடும். அதனால் கைபேசியில் வீடியோ எடுத்து வரச் சொல்கிறேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், "மூணு நாளா" என்பார்கள். அதன்பின் நான் கேட்பது, அது எதையெல்லாம் செய்யாமல் விட்டது என்பதைத்தான். ஜன்னல் விளிம்பில் தாவி ஏறி உட்காருகிறதா, முதுகை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா, வாசலுக்கு ஓடி வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவற்றில் ஏதோ ஒன்று நின்று மாதக்கணக்கில் ஆகியிருக்கும். புதிதாக முளைத்த பழக்கம் எல்லோர் கண்ணிலும் படுகிறது, நின்றுபோன பழக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை.

தன்னுடன் வளர்ந்த குழந்தையைப் பார்த்து உறுமியது என்று ஒரு லாப்ரடாரை அழைத்து வந்திருந்தார்கள். குழந்தை எங்கே கை வைத்தபோது உறுமியது என்று கேட்டதற்கு, இடுப்பில் சாய்ந்தபோது என்றார் குழந்தையின் தாய். நாயை நிற்க வைத்து, இரண்டு பின்தொடைகளையும் இரு கைகளாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். இடது தொடையின் தசை தெளிவாக மெலிந்திருந்தது. அந்தக் காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டியபோது அது கத்தவும் இல்லை, காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடியது, உதட்டை ஒருமுறை நக்கியது, தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது, அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. உறுமியதற்காக அந்த நாயை அடிக்காமல் என்னிடம் கொண்டுவந்ததற்கு அந்தக் குடும்பத்தாரிடம் மனமார நன்றி சொன்னேன், ஏனெனில் உறுமலை அடித்து அடக்கினால் வலி போவதில்லை. கடிப்பதற்கு முன் எச்சரிக்கும் பழக்கம் மட்டும் போய்விடுகிறது.

பூனைகளில் ஒரு நிலைமை மட்டும் காத்திருக்க இடம் தராதது. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குவதைப் பலர் மலச்சிக்கல் என்று எண்ணிவிடுகிறார்கள். அதன் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாட்களிலேயே இதயம் நின்றுவிடக்கூடும். அடைப்பு இல்லாத பல பூனைகளிலோ, மன அழுத்தத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சியைக் காண்கிறோம். வீடு மாறியது, இன்னொரு பூனை வந்தது, மணல் தட்டு இடம் மாறியது என ஏதேனும் ஒரு கலக்கம் அதற்கு முன் நடந்திருக்கும். உடல் வேறு, மனம் வேறு என்று நான் பிரித்துப் பேசத் தயங்குவது இதனால்தான். வலி என்று தெரிந்தவுடன் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடுவதையும் கடுமையாகத் தடுக்கிறேன்; பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும்.

வயதான விலங்குகளுக்கு 'வயசாயிடுச்சு' என்ற சமாதானம் எளிதில் கிடைத்துவிடுகிறது. பத்து வயது தாண்டிய பூனை இரவெல்லாம் கத்துகிறது, நிறையச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். நாய்களில் முதுமை மறதி மெய்யான நோய்தான்; 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காடும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காடும் அதன் அறிகுறிகளில் ஒன்றையாவது காட்டின. கதவின் கீல் பக்கம் நின்றுகொண்டு திறக்கக் காத்திருப்பது, பகலில் தூங்கி இரவில் உலாவுவது போன்றவை அவற்றில் அடங்கும். ஆனாலும் கண், காது, சிறுநீரகம், மூட்டு எல்லாவற்றையும் பார்த்து முடிக்காமல் அந்த முடிவுக்கு வருவதை நான் ஏற்பதில்லை.

ரேபீஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதுவான நாய் காரணமின்றிப் பாய்வது, கூச்ச சுபாவமுள்ளது அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வது, குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது என்று அது பல விதமாக வரும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடக் கூடாது. கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மனிதர்களுக்கான மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வலிக்குச் சிகிச்சை தொடங்கினாலும் நடத்தை அதே வாரத்தில் திரும்பிவிடுவதில்லை. குழந்தை நெருங்கினால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட நாய், வலி தணிந்த பிறகும் சில காலம் அதையே எதிர்பார்க்கும். அதுவரை இருவரையும் தனியே விடாமல், நாய் தானாகவே வந்து அருகில் படுக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறேன். எப்போது எழுந்தது, எங்கே படுத்தது, எதற்கு விலகியது என்று வீட்டார் நாள்தோறும் எழுதிக் கொண்டுவரும் குறிப்பைப் பார்த்த பிறகே மருந்தின் அளவை மாற்றுகிறேன்.