லோன் வெரிஃபிகேஷனும் சிவப்பு நோட்டும்

ஜூன் 3, 2025, கிருஷ்ணகிரி

இன்னைக்கு பர்கூர் பக்கம் ஒரு கேஸ். நம்ம வேலை தெரியும்ல, யாராச்சும் லோன் போட்டா அந்த அட்ரஸ்ல அந்த ஆளு நிஜமாவே இருக்காரான்னு அக்கம்பக்கம் விசாரிச்சு ரிப்போர்ட் போடறது. பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்த போட்டோவ கண்ண சுருக்கி பாத்துட்டு, "அவரு மாதிரிதான் இருக்குது சார், ஆனா அவரு தம்பியும் அச்சு அசல் இப்படித்தான் இருப்பாருங்க"ன்னாங்க. எனக்கு சிரிப்பு தாங்கல. ஏன்னா நேத்து ராத்திரிதான் அமெரிக்க எழுத்தாளர் பால் ஆஸ்டரோட 'நியூயார்க் ட்ரிலஜி'ங்கற மூணு கதை புக்குல முதல் கதை 'சிட்டி ஆஃப் கிளாஸ்'ல (1985) அந்த ஸ்டேஷன் சீன் படிச்சேன். குவின்னு ஒரு எழுத்தாளர், வேற பேர்ல துப்பறியும் கதை எழுதறவரு, ராங் நம்பர்ல வந்த போன நம்பி டிடெக்டிவா நடிச்சு, குறிப்பெழுத ஒரு சிவப்பு நோட்டும் வாங்கிட்டு, ஸ்டில்மன்ங்கற கிழவர ஃபாலோ பண்ண கிராண்ட் சென்ட்ரல்ல நிக்கறாரு. ரயில்ல இருந்து ஒரே மூஞ்சியோட ரெண்டு கிழவருங்க இறங்கறாங்க, ஒருத்தர் அழுக்கு கோட்டு, ஒருத்தர் டிப்டாப். யாரு பின்னாடி போறது? காரணமே இல்லாம அழுக்கு கோட்டு பின்னாடி போறாரு. அவ்ளோதான், மீதி கதை முழுக்க அந்த ஒரு முடிவு மேலதான் நிக்குது, அது சரியா தப்பான்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க.

ஜூன் 5

விவேக்-ரூபலா, பரத்-சுசீலா, கணேஷ்-வசந்த்னு பாக்கெட் நாவல்ல வளந்தவன் நான். அங்க கேஸ் முடிஞ்சா டிடெக்டிவ் ஜாலியா கிளம்பிடுவாரு. குவின் கிளம்பவே மாட்டேங்கறாரு. வேலை குடுத்தவங்க வீட்டுக்கு எதிர் சந்துல மாசக்கணக்கா உக்காந்து, தூக்கத்த குறைச்சு, சாப்பாட்ட குறைச்சு, அந்த வாசலயே பாத்துட்டு இருக்காரு. அதுக்குள்ள கிழவர் பாலத்துல இருந்து குதிச்சு செத்தாச்சு, வேலை குடுத்தவங்க குடுத்த செக் பவுன்ஸ், அவரோட சொந்த ஃப்ளாட்ல வேற ஒரு பொண்ணு வாடகைக்கு வந்தாச்சு. செக் பவுன்ஸ் ஆன இடத்துல நான் புக்க மூடி வச்சுட்டு டீ குடிக்க போயிட்டேன், நம்ம ஃபீல்டு மேட்டர் ஆச்சே. ராங் நம்பர் மேட்டர் ஆஸ்டருக்கு நிஜமாவே நடந்தது, பிங்கர்டன்ங்கற துப்பறியும் ஏஜென்சியான்னு கேட்டு ஒரு ஆளு ரெண்டு தடவை கூப்ட்டாராம், இவரு இல்லன்னு வச்சிட்டு அப்புறம் ஆமான்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சதுதான் இந்த நாவல்.

ஜூன் 8, ஞாயிறு

ரெண்டாவது கதை 'கோஸ்ட்ஸ்' (1986). எனக்கு மூணுல இதுதான் டாப். ப்ளூங்கற டிடெக்டிவ், ஒயிட் சொன்னதால பிளாக்க ஜன்னல் வழியா கண்காணிக்கறாரு. பிளாக் ஒண்ணுமே பண்றதில்ல, எழுதறாரு, படிக்கறாரு. ப்ளூ வாராவாரம் ரிப்போர்ட் எழுதணும், எழுத ஒண்ணும் இல்ல. முன்னல்லாம் நடந்தத எழுதினா ரிப்போர்ட் ஆயிடும்னு நம்பினவரு, இப்ப எழுதினத படிச்சா நடந்தது அதுல இல்லன்னு தெரியுது. எங்க ஃபார்ம்ல பாசிட்டிவ், நெகட்டிவ், டோர் லாக் அவ்ளோதான். காவேரிப்பட்டணத்துல ஒரு வீட்டு கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள டிவி ஓடுது, யாரும் திறக்கல, செருப்பு மூணு ஜோடி. டோர் லாக்னு போட்டேன். வேற என்ன போடறது. ப்ளூவோட வருங்கால மனைவி இந்த நாள்லாம் காத்திருந்து பாத்துட்டு வேற ஆளோட போயிடறாங்க, அவருக்கு அது ரோட்ல பாத்துதான் தெரியுது. கடைசில பிளாக் ரூம்ல திருடின பேப்பர பாத்தா அதெல்லாம் இவரே எழுதின ரிப்போர்ட்டு.

ஜூன் 11

ஃபேக்டரி ரோட்ல பெங்களூரா மாங்கா லோடு வரிசை, வண்டி நகரல. ஓரம் போட்டு அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸோட 'டெத் அண்ட் தி காம்பஸ்' (1942) சிறுகதைய திரும்ப படிச்சேன். அதுல துப்பறியற லோன்ராட்டுக்கு சாதாரண விடை பிடிக்காது, அழகான விடைதான் வேணும், அத தெரிஞ்சுகிட்ட எதிரி அதுக்கேத்த மாதிரியே கொலைகள அடுக்கி அவரையே வரவச்சு சுட்டுடறான். பிரெஞ்சு எழுத்தாளர் ராப்-கிரியேயோட 'லே கோம்' (1953) நாவல் இன்னும் மோசம், சாகாத ஆளோட கொலைய விசாரிக்க வந்த டிடெக்டிவே கடைசில அந்த ஆள சுட்டுடறாரு. ரெண்டும் பிரமாதமான மூளை வேலைதான், ஆனா படிச்சு முடிச்சதும் தூக்கம் வந்துடும். ஆஸ்டர் படிச்சா வராது. ஏன்னா அங்க டிடெக்டிவ யாரும் கொல்றதில்ல, அவரே தன்னோட வாழ்க்கைய கொஞ்சம் கொஞ்சமா எடுத்து இன்னொருத்தர பாக்கறதுக்கு செலவு பண்ணிடறாரு.

ஜூன் 15, ஞாயிறு

மூணாவது 'தி லாக்ட் ரூம்' (அதுவும் 1986). காணாம போன ஃபான்ஷாங்கற நண்பனோட எழுத்த வெளியிட்டு, அவன் மனைவிய கட்டிக்கிட்டு, அவன் வாழ்க்கை வரலாறு எழுத கிளம்பற ஆளு. நடுவுல கொஞ்சம் இழுவை, தாண்டி படிச்சேன். பாரிஸ் சீன் மட்டும் விட முடியல. ஒரு பார்ல முன்ன பின்ன தெரியாத ஒருத்தர புடிச்சு நீதான் ஃபான்ஷான்னு சாதிக்கறாரு, அவரு தன் பேரு பீட்டர் ஸ்டில்மன்னு சொல்லியும் விடல, துரத்திட்டு போய் செம்ம அடி வாங்கறாரு. நான் ஒருத்தர இவருதான்னு கையெழுத்து போட ஆதார் கேக்கறேன், ஈபி பில் கேக்கறேன், பக்கத்து வீட்டுல கேக்கறேன். இந்த ஆளுக்கு எந்த ப்ரூஃபும் வேணாம், தேடி தேடி அலுத்துப் போச்சு, இனிமே அது யாரா இருந்தாலும் சரி, அவனாதான் இருக்கணும். பர்கூர் கேஸ்ல அண்ணனா தம்பியான்னு இன்னும் முடியல, நாளைக்கு திரும்ப போகணும்.