துளையில்லாத பித்தளை வில்லைகள்: பதினைந்து ஆடுகள் முடிந்தன, மூன்று புலிகள் பாக்கி

நேற்று மாலை பதினைந்தாவது வில்லையையும் லேத்திலிருந்து (கடைசல் எந்திரம்) எடுத்து, துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன், கனம் 4.01 மி.மீ. காட்டியது. பதினைந்தில் ஒன்றுகூட 3.98-க்குக் கீழே இறங்கவில்லை, 4.02-ஐத் தாண்டவும் இல்லை. என் சிறிய மேசை லேத்தில் இந்த ஒழுங்கு வரும் என்று இரண்டு மாதங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அக்கா வீட்டுக் குழந்தைகளுக்காகத் தேக்குப் பலகையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒன்று செதுக்கி வைத்திருக்கிறேன். அதற்கு ஆடுகள் பதினைந்து, புலிகள் மூன்று வேண்டும். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும் என்பது உண்மைதான். ஆனால் பித்தளைக் காயைக் கட்டத்தில் வைக்கும்போது கைக்குத் தெரியும் கனமும் மரத்தின் மேல் எழும் ஓசையும் எனக்கு வேண்டியிருந்தன. 20 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. கனமும் உள்ள ஒரு பித்தளை வில்லை ஏறக்குறைய 10.7 கிராம் இருக்கும். விரலுக்கு அது மிகச் சரியான எடை.

கடையில் தேடியவுடன் கிடைப்பதெல்லாம் வாஷர்தான். அதன் நடுவில் துளை இருக்கும். தகட்டில் ஹோல்சா என்ற வட்ட ரம்பத்தைப் போட்டால் வழிகாட்டும் டிரில் நடுவில் 6 மி.மீ. துளையை விட்டுச் செல்கிறது; அந்த டிரில்லைக் கழற்றிவிட்டு மரப்பலகைத் துளையை வழிகாட்டியாக வைத்துப் பார்த்தபோது விளிம்பு கோணலாகி, அரம் போட்டே கை ஓய்ந்தது. நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் வட்ட பஞ்ச் மெல்லிய தகட்டுக்கு மிக அருமையான கருவி. ஆனால் சுற்றளவைக் கனத்தால் பெருக்கி, பித்தளையை வெட்டச் சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 250 நியூட்டன் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 மி.மீ. தகட்டுக்கே ஒன்றரை டன்னுக்கு மேல் விசை தேவைப்படுகிறது, 4 மி.மீ. கனத்துக்கு அது ஆறு டன்னைத் தாண்டிவிடும். சுத்தியலால் ஆகிற காரியம் அல்ல. பழைய நாணயங்களைத் தேய்த்து எடுத்துக்கொள் என்று ஒரு நண்பர் சொன்னார். நாணயங்களை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடை செய்கிறது என்பதால் அந்த வழியை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

ஆக, ராடை வாங்கி அறுத்தெடுப்பது ஒன்றே மிச்சம். சென்னை பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போய் 22 மி.மீ. பித்தளை ராடில் ஓர் அடித் துண்டு கேட்டேன். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. முதலில் நுழைந்த கடையில் முழு நீளமாக எடுத்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது தீராத தொல்லை. துண்டு கேட்பவர்கள் வெட்டிப்போட்ட மிச்சங்கள் கிடக்கும் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ராடை 20 மி.மீ.க்குக் கடைந்து, முகத்தைச் சீவி, ஓரத்தை லேசாக மழுக்கி, 4.5 மி.மீ. கனத்தில் பார்ட்டிங் போட்டுத் துண்டிப்பது வரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பித்தளைக்கு, வெட்டும் டூலின் மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். சரிவு கொடுத்துத் தீட்டினால் அது உலோகத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். டூலின் நுனி மைய உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க, ராடுக்கும் நுனிக்கும் இடையே சிறிய எஃகு அடிக்கோலை மெதுவாகப் பிடித்து, அது செங்குத்தாக நிற்கிறதா என்று கவனித்தேன். அப்படியும் வில்லை உதிரும்போது அதன் நடுவில் ஒரு குமிழ் ஒட்டிக்கொண்டே வந்தது. டூலின் முன்விளிம்பைச் சற்றுச் சாய்வாகத் தீட்டினால் குமிழ் ராடிலேயே தங்கிவிடும் என்பது பழைய உத்தி. அதைச் செய்தேன், குமிழ் போயிற்று. ஆனால் சாய்வான அலகு ஆழம் போகப் போக ஒருபக்கம் வளைந்து, வில்லையின் பின்முகத்தைத் தட்டு மாதிரி குழித்துவிட்டது. நடுவுக்கும் ஓரத்துக்கும் 0.15 மி.மீ. வேறுபாடு இருந்தது. ஆகவே நேர் விளிம்புக்கே திரும்பினேன். பின்முகத்தை எப்படியும் சீவித்தான் ஆக வேண்டும் என்றால் குமிழ் இருந்தால் என்ன?

அந்தப் பின்முகத்தைச் சீவுவதற்கு வில்லையைப் பிடிப்பதில்தான் ஐந்து வாரம் போயிற்று. லேத்தின் மூன்று தாடைச் சக்கில் (சுழலும் பிடிப்பான்) 2 மி.மீ. ஆழம் மட்டும் பிடித்தால் வில்லை நேராக அமர்வதில்லை. எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கால் அழுத்தி அமர்த்திய பிறகும் ஒருபக்கம் 3.9, மறுபக்கம் 4.1 என்று ஆப்பு மாதிரி வந்தது. போதாததற்குத் தாடைகளின் தழும்பும் விழுந்தது. அடுத்து, அலுமினியத் துண்டு ஒன்றைச் சக்கிலேயே முகம் சீவி, அதன் மேல் ஃபெவிக்விக் தடவி வில்லையை ஒட்டினேன். 0.1 மி.மீ. வெட்டுக்கு அது நன்றாகவே தாங்குகிறது, தளமும் மிக நேராக வருகிறது. ஆனால் சற்றுக் கூடுதலாக வெட்டினால் சூட்டில் பசை விட்டுவிடும். மேலும் ஒவ்வொரு வில்லைக்கும் பசை இறுகக் காத்திருந்து, சூடாக்கிக் கழற்றி, அசிட்டோனால் துடைக்க அரை மணி நேரம் ஆகிறது. ஒன்றிரண்டு வில்லை போதும் என்பவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பிளந்த வளையம். 40 மி.மீ. அலுமினிய ராடில் 34 மி.மீ. விட்டத்துக்கு உடலைக் கடைந்து, முன்னால் மட்டும் 40 மி.மீ. விளிம்பை விட்டேன், சக்கில் பிடிக்கும்போது அந்த விளிம்பு தாடைகளின் முன்முகத்தில் ஒட்டி நிற்பதால் வளையம் முன்பின் நகர வழியில்லை. நடுவே 15 மி.மீ. துளையை முழுக்கப் போட்டு, ஒரு பக்கத்தை ரம்பத்தால் பிளந்தேன். இனிதான் முக்கியமான இடம்: பிளவில் மெல்லிய தகட்டை வைத்து, சக்கை இறுக்கி, அந்த நிலையிலேயே 20 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. ஆழத்துக்குப் படி ஒன்றைக் குடைய வேண்டும். சக்கிலேயே குடையப்பட்டதால் அந்தப் படியின் தளம் லேத்தின் அச்சுக்குச் சரியான செங்குத்தில் இருக்கும். படியின் உள்மூலையில் ஒரு சிறு பள்ளமும் வெட்டினேன். இல்லாவிட்டால் வில்லையின் பிசிறு அந்த மூலையில் முட்டி, வில்லை சாய்ந்து அமரும். ஒன்றாம் எண் தாடைக்கு நேரே வளையத்தில் ஒரு கோடு கீறிவைத்தால் கழற்றி மாட்டும்போதும் அதே இடத்தில் நிற்கும்.

பிறகு தகட்டை எடுத்துவிட்டு, வில்லையைப் படியில் வைத்து, சக்கை இறுக்கினால் வளையம் சுற்றிலும் சமமாகக் கவ்வுகிறது, தழும்பு விழுவதில்லை. டூலைச் சுமந்து நகரும் கேரியேஜை நகராமல் பூட்டி, அதன் மேல் உள்ள சிறு ஸ்லைடின் டயலை ஒருமுறை சரிசெய்துவிட்டால், அடுத்தடுத்த வில்லைகள் அதே கனத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் படியைத் தூரிகையால் துடைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது; நான் ஒருமுறை மறந்தேன், ஊசி போன்ற ஒரு துகள் அடியில் மாட்டி, அந்த வில்லை 0.08 மி.மீ. சாய்ந்து வீணாயிற்று.

ஒன்று மனத்தை உறுத்துகிறது. இப்படி எளிதாகக் கடையவரும் பித்தளை, ஐ.எஸ். 319 என்ற இந்தியத் தரநிலையில் வருவது. அதில் ஏறக்குறைய 3 விழுக்காடு ஈயம் இருக்கிறது. சுருள் வராமல் பொடியாக உதிர்வதற்குக் காரணமே அந்த ஈயம்தான். குழந்தைகள் கையாளப் போகும் காய் என்பதால் பளபளப்பாக்கிய பிறகு லேக்கர் என்ற காப்புப் பூச்சைப் பூசாமல் கொடுக்கப் போவதில்லை. வாயில் வைக்கிற வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதையும் கொடுக்க மாட்டேன். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

புலிகளைச் செம்பில் 24 மி.மீ. விட்டத்தில் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். ராடு வாங்கியாயிற்று, வெள்ளோட்டமாக ஒன்றை அறுத்தும் பார்த்தேன். செம்பு பித்தளைக்கு நேர்மாறு; தட்டையான டூலோடு உரசி, ஒட்டி, வெட்டுமுகத்தைக் கிழித்துவிட்டது. அதற்குச் சரிவு கொடுத்துக் கூர்மையாகத் தீட்டிய டூலும் வெட்டெண்ணெயும் வேண்டும். டூலை இன்று காலை தீட்டிவிட்டேன். வளையத்தின் படியை 24 மி.மீ.க்கு விரித்துவிட்டால் ஆட்டு வில்லைகளுக்கு அது உதவாமல் போகும் என்பதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை புலிகளுக்கென்று 45 மி.மீ. ராடில் தனி வளையம் ஒன்று கடையப் போகிறேன்.